ஈயை அழைத்துக் குருவியைக் காத்த எங்கள் அம்மா

பேரன்பிற்குரிய உறவுகளே, அம்மாவின் கூடையை அறிந்த நண்பர்களே,

அம்மா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறுகிறது. இத்தகைய நினைவு மலரில் மகள் எழுதும் கட்டுரை கண்ணீரில் தொடங்க வேண்டும் என்பது எழுதப்படாத விதி. அந்த விதியை மீற எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன். பள்ளிக் காலம் முதல் பேச்சுப் போட்டிகளிலும் பட்டிமன்றங்களிலும் நின்று பழகியவள் நான். வெற்றி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒலிபெருக்கியும் நடுவரும் இல்லாமல், எதிரணியில் ஒரு கூடமே திரண்டிருக்க, தனி ஒருவராக நின்று அம்மா பெற்ற வெற்றி ஒன்றை நான் கண்ணாரக் கண்டேன். அதற்கு இணையான ஒன்றை எந்த மேடையிலும் இதுவரை கண்டதில்லை. அழுகையை வீட்டிலேயே வைத்துக்கொள்வோம். மலரில் அந்த வெற்றி இடம்பெறட்டும்.

எண்ணூரை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் அம்மா பிறந்தார். அந்த வீடு எங்கே இருந்தது என்று கேட்டால் இன்று அலையைத்தான் காட்ட முடியும். கடல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு வரிசை வீடுகளை விழுங்கிக்கொண்டே வந்தது. அம்மா எட்டாம் வகுப்பு முடித்த ஆண்டில் அவர்கள் வரிசையின் முறை வந்தது. பாறாங்கற்களைக் கொட்டிக் கரையைக் கட்டியபோது, காப்பதற்கு அங்கே வீடு இல்லை. குடும்பம் உறவினர் வீட்டில் ஒதுங்கியது. படிப்பு நின்றது, கூடை தலைக்கு ஏறியது.

திருவொற்றியூருக்கு மருமகளாக வந்த பின்னும் அந்தக் கூடை இறங்கவில்லை. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும். வீட்டில் உலை கொதிக்க வேண்டும். அந்த மாதங்களில் எங்களைத் தாங்கியது அம்மா போட்ட கருவாடு. வண்ணாரப்பேட்டை, டோல்கேட், எம்.கே.பி. நகர் என்று அம்மா கால் பதிக்காத தெரு வடசென்னையில் குறைவு.

கருவாட்டுக் கூடையைப் பேருந்தில் ஏற்ற விடமாட்டார்கள் என்பது நம்மவர் எல்லோருக்கும் தெரிந்ததே. ஒருநாள் டோல்கேட்டில் நடத்துநர் படியை மறித்துக்கொண்டு, “கூடைய எறக்கும்மா, வண்டியே நாறிடும்” என்றார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா கூடையை இறக்கவில்லை.

“துன்றப்போ மணக்குது, தூக்குறப்போ நாறுதா? உனுக்கு வூட்ல ஒரு மூக்கு, வண்டில ஒரு மூக்கா நைனா?”

பேருந்தே சிரித்தது. நடத்துநரும் சிரித்துவிட்டார். கூடை ஏறியது. எதிரியின் வாதத்தை அவர் வாயிலிருந்தே எடுத்து அவருக்கே திருப்பித் தரும் கலையை நான் எங்கே கற்றேன் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

அம்மாவிடம் வாங்குவோர் கருவாட்டை முகர்ந்து பார்ப்பதில்லை. ‘ஈ உக்காராத கருவாடு’ என்றால் எங்கள் பக்கத்தில் அது அம்மாவின் கருவாடுதான். ஈரம் உலராத மீனில் ஈ அமர்ந்து முட்டையிட்டுவிட்டால் அந்த மீன் கோழித் தீவனத்துக்குத்தான் போகும். அதைத் தடுக்கச் சிலர் ஈ மருந்தைத் தெளித்துவிடுவார்கள். அம்மா தம் வாழ்நாளில் மருந்து தொட்டதில்லை. உப்பில் ஊறிய மீனைத் தரையில் போடாமல், கம்புகளில் இழுத்துக் கட்டிய வலையின்மேல் பரப்புவார். அதன்மேல் பொடிக்கண் வலையைப் போர்த்தி, ஓரங்களில் கல் வைத்து அழுத்துவார். பிறகு கையில் ஒரு துண்டோடு பக்கத்திலேயே அமர்ந்து, வந்த ஈயை விசிறி விரட்டுவார். அம்மாவை நினைக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது முகமன்று. இடமிருந்து வலமாகத் துண்டை வீசும் அந்தக் கைதான்.

அம்மாவைப் போன்ற பெண்கள் பலரும் மீனைக் காயவைக்கும் தகரக் கூரைக் கூடம் ஒன்று கடலோரத்தில் இருக்கிறது. வெயில் நாளில் மீன் வெளியே காயும். மழை நாளில் உள்ளே வரும். கூடத்தின் நிர்வாகம் அப்பாவின் அக்காவான சொர்ணம் அத்தையிடம் இருந்தது. இம்மலர் கைக்கு வந்ததும் அத்தை தம் பெயர் வரும் இடத்தைத்தான் முதலில் தேடச் சொல்வார். ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அத்தை, உள்ளதை உள்ளபடிதான் எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அது. பொங்கல் முடிந்துவிட்டது. வானம் வெளுத்து, எல்லாப் பெண்களும் மீனை வெயிலில் பரப்பியிருந்தார்கள். இனி மழை இல்லை என்று ஊரே நம்பிய தை மாதக் கடைசியில், பருவம் தவறிய புயற்சின்னம் ஒன்று வந்து கரையோரத்தில் நின்றுகொண்டது. மழை விடவில்லை. வாடைக்காற்று எலும்பைத் துளைத்தது. மீனை அள்ளிக்கொண்டு எல்லோரும் கூடத்துக்குள் ஓடினோம்.

எங்களுக்குப் பின்னாலேயே குருவிகளும் வந்தன.

நெடுஞ்சாலை மின்கம்பிகளில் வரிசையாக அமர்ந்திருக்குமே, நீலம் மினுங்கும் முதுகும் செங்கல் நிறத் தொண்டையும் பிளந்த வாலுமாக, அந்தக் குருவிகள். நூலில் அவற்றுக்குத் தகைவிலான் என்று பெயர். எங்கள் தெருவில் கம்பிக் குருவி. வடக்கே பனிக்காலத்தில் புறப்பட்டு நம் கரைக்கு வந்து, கோடை தொடங்கும்போது திரும்பிப் போகும் விருந்தாளிகள். குளிருக்குத் தப்பி வந்தவற்றை இங்கே குளிர் பிடித்துக்கொண்டது. கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டங்களில் அவை ஒன்றோடொன்று ஒட்டி, சிறகைப் பந்தாக உப்பிக்கொண்டு அமர்ந்தன. மறுநாள் காலையில் சில தரையில் விழுந்து கிடந்தன. இரண்டு அசையவில்லை.

நம் பெண்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். உடனே ஓடிப்போய்ச் சோறும் நெத்திலியும் கொண்டுவந்து வாசல் சுவரில் வைத்தார்கள். அமாவாசைதோறும் காகத்துக்குச் சோறு வைத்துப் பழகிய கைகள். பறவைக்குப் பசி என்றால் சுவரில் சோறு, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். ஆனால் கம்பிக் குருவி ஒன்றுகூடச் சுவர்ப் பக்கம் இறங்கவில்லை. வந்தவை காகங்கள். சோற்றைத் தின்று முடித்த காகம் ஒன்று கூடத்துக்குள் நுழைந்து, தரையில் கிடந்த குருவியைக் கொத்தித் தூக்கிக்கொண்டு போனது. விருந்து வைத்து வேட்டைக்காரனை அழைத்துவிட்டோம்.

அம்மா எழுந்து, கிழிந்த பெருங்கண் வலை ஒன்றை வாசலில் கட்டினார். காகம் நின்றது. பசி நிற்கவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. அம்மாவின் மீனுக்கு மேலே தொங்கிய குண்டு பல்பைச் சுற்றி ஒரே ஓர் ஈ தள்ளாடிப் பறந்தது. கூரையிலிருந்து ஒரு குருவி கல்போல விழுந்தது. விழுந்த வேகத்திலேயே வளைந்து மேலேறியது. ஈயைக் காணோம்.

அம்மா சிறிது நேரம் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “இதுங்க குந்திகினு துன்ற ரகம் இல்ல மே. பறக்கறத பறந்துகினே புடிச்சி துன்ற ரகம். மழைல வெளிய பூச்சி இல்ல. உள்ள ஈ வர்ல, ஏன்னா நாம எல்லாத்தையும் மூடி வச்சிகினு கீறோம்.”

குனிந்து, தம் மீனின் மேலிருந்த வலையில் வைத்த கல்லை எடுத்தார்.

சொர்ணம் அத்தை கூடத்தின் மறுகோடியிலிருந்து குரல் கொடுத்தார். “ஏமே, இன்னா பண்ற? கழுவவா?”

“இல்ல அண்ணி. தொறக்கறேன்.”

“ஈ வரும்டி!”

“வரட்டும்னுதான் தொறக்கறேன்.”

கூடத்தில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. அன்றைய பட்டிமன்றம் அங்கே தொடங்கியது. அத்தை எழுந்து வந்தார். அவர் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கூடம் பொது; எல்லோர் மீனும் உள்ளே இருந்தது; மழை விட்டதும் விற்க வேண்டிய மீன். ஈரத்தில் ஈ பெருகினால் எல்லோருக்கும் அழிவு. அதனால் அன்று மாலையே கூடம் முழுவதும் ஈ மருந்து அடிப்பதென்று அவர் முடிவு செய்து, புட்டியும் வாங்கி வைத்திருந்தார்.

“ஊரெல்லாம் ஈ ஓட்டுது. நீ ஒருத்திதான் ஈ மேய்ச்சிகினு கீற!” என்றார் அத்தை. பெண்கள் சிரித்தார்கள்.

“மேய்க்கறது ஈய இல்ல அண்ணி, குருவிய. மருந்து அடிச்சா அந்த ஈய துன்னு குருவி செத்துப் பூடும்.”

“குருவிய எவன் துன்ன சொன்னான்?”

“சரி. அந்தக் கருவாட்ட மனுசன் துன்னா?”

“கழுவித் துன்னுவான்!”

“அப்ப குருவிக்கு ஒரு தண்ணி குண்டான் வச்சிடலாம், அதுவும் ஈய கழுவித் துன்னட்டும்.”

சிரிப்பு இம்முறை அம்மாவின் பக்கம் சாய்ந்தது. அத்தைக்குக் கோபம் ஏறியது. “உன் பேரே ‘ஈ உக்காராத கருவாடு’. ஒருத்தன் வந்து இத பாத்தா உன் பேரு இன்னா ஆவும்? பேர கெடுத்துகினு குருவிய காப்பாத்துவியா?”

அந்தக் கேள்விதான் கடினமான கேள்வி. நகையில்லாத, நிலமில்லாத எங்கள் வீட்டில் அம்மாவின் பெயர்தான் சொத்து. அம்மா கல்லைக் கையிலேயே வைத்திருந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் பேசினார்.

“என் மீனு மட்டும் தொறந்து கெடக்கட்டும். உங்க மீன எல்லாம் இன்னும் இறுக்கமா மூடிக்குங்க, என் வலையையும் தரேன். கூடத்துல கீற ஈ அத்தினியும் எங்கிட்ட வரும். இத நான் விக்க மாட்டேன், கோழித் தீனிக்குப் போட்டுடறேன். யாராவது கேட்டா ‘இவ மீன்ல ஈ மொச்சிது’ன்னு தாராளமா சொல்லுங்க. உங்க மீன்ல ஒரு ஈ குந்திச்சின்னா அப்ப மருந்து அடிங்க. நானே புட்டிய புடிச்சிக்கறேன்.”

எதிரணிக்கு இழப்பே இல்லாத ஒரு நிபந்தனை. அத்தை “பாக்கறேன், பாக்கறேன்” என்று முணுமுணுத்துக்கொண்டே போய்த் தம் மீனின் வலையை இருமுறை இழுத்து அழுத்தினார். அம்மா கொடுத்த வலையையும் மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

மீனை உலர்த்தக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நிறுத்தப்பட்டது. மீனின் இருபுறமும் கரியடுப்பு மூட்டி அம்மா சூடேற்றினார். மீன் வாடை பரவப் பரவ, வாசல் வலையின் கண்கள் வழியே ஈக்கள் வரத் தொடங்கின. முதலில் ஒன்றும் இரண்டுமாக. பிறகு மீனே தெரியாத அளவுக்கு. ஆனால் புதிய சிக்கல் ஒன்று முளைத்தது. குளிரில் மரத்திருந்த ஈ, மீனில் அமர்ந்தால் எழுவதாக இல்லை. அமர்ந்திருக்கும் ஈ குருவிக்கு உணவாகாது.

“இது ஒரு பேஜாரா?” என்றார் அம்மா. தோளில் கிடந்த துண்டை எடுத்தார். இடமிருந்து வலமாக ஒரு வீச்சு.

ஈக்கள் கருமேகமாய் எழுந்தன. கூரை குலுங்கியது. ஆம், கூரையே குலுங்கியதுபோல் இருந்தது. சட்டங்களில் ஒடுங்கிக் கிடந்த குருவிகள் நான்கு திசையிலிருந்தும் பாய்ந்து, எங்கள் தலைக்கு மேல் வெட்டி வளைந்து, ஈக்களை அள்ளின. வாழ்நாள் எல்லாம் ஈயை விரட்டிய அதே கை, அதே துண்டு, அதே வீச்சு. அன்று அது ஒரு கூட்டத்துக்கே சோறு போட்டது.

தரையில் விழுந்தவற்றை நான் இறால் கூடையில் துணி விரித்து அடுப்போரம் வைத்தேன். அவற்றுக்கு ஈயைப் பிடித்து அலகில் ஊட்ட வேண்டியிருந்தது. தலைநகர்க் கல்லூரிகளின் மேடைகளை அதிரவைத்தவள் என்று என்னை அறிமுகப்படுத்துவோர், நான் ஈ பிடித்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். கடலுக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

“இன்னாமே, ஆத்தாளும் பொண்ணும் ஈ யாவாரம் ஆரம்பிச்சிட்டீங்களா?”

“வாயி பேசாம துண்ட எடுத்துகினு வாய்யா, கை நோவுது” என்றார் அம்மா.

அப்பா வீசினார். அப்பாவைப் பார்த்து, அதே கூடத்தில் மீன் காயவைக்கும் முனிம்மா அக்கா எழுந்து வந்து வீசினார். அவரைப் பார்த்து மற்றொருவர். மழை பெய்த நாளெல்லாம் முறை வைத்துக்கொண்டு பெண்கள் துண்டு வீசினார்கள். சிரிப்பும் கேலியுமாகக் கூடம் திருவிழாக் கோலம் கொண்டது. சொர்ணம் அத்தை மட்டும் காலையும் மாலையும் தம் மீனின் அருகே குத்தவைத்து, ஒவ்வொரு வாளை மீனாகப் புரட்டி ஈயைத் தேடினார்.

கிடைக்கவில்லை. மூடிய மீனை நாடிப்போக ஈக்கு என்ன தேவை, திறந்த மீன் பக்கத்தில் இருக்கும்போது? திறந்த மீனுக்குப் போன ஈயையும் மேலே குருவிகள் திரும்ப விடவில்லை. அந்த மழையில் மற்ற கூடங்களில் எல்லாம் மீன் புழுத்தது என்று கேள்விப்பட்டோம். எங்கள் கூடத்தில் அம்மாவின் மீனைத் தவிர எதுவும் கெடவில்லை. மருந்துப் புட்டியின் மூடி திறக்கப்படவேயில்லை.

ஒரு காலையில் வாசல் வலையின் கண்களில் வெயில் விழுந்தது. அம்மா வலையின் கயிற்றை அவிழ்த்தார். சற்று நேரம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு ஒரு குருவி வாசலைத் தாண்டியது. அதன் பின்னால் கூரை முழுவதும் அவிழ்ந்து வந்தது. கடலின்மேல் நீலமும் செம்மையுமாய் அவை சுழன்றபோது பெண்கள் கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். இறால் கூடையிலிருந்து நான் கையில் எடுத்த கடைசிக் குருவி என் விரலை உதைத்துவிட்டு எழும்பியது. நான் எத்தனையோ கைதட்டல்களைக் கேட்டவள். அந்தக் கைதட்டல்போல் ஒன்றைக் கேட்டதில்லை.

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தியின் மீன் மழையில் கெட்டுவிட்டால், மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கைப்பிடிக் கருவாட்டை அவள் கூடையில் போடுவார்கள். அன்று யாரும் அதை நினைவூட்டவில்லை. அம்மாவும் கேட்பவரில்லை. அத்தைதான் முதலில் எழுந்து வந்தார். ஒரு கைப்பிடியல்ல, இரு கையும் நிறைய.

“இது குருவிக்கு இல்ல. உனுக்கு. புரியுதா?”

“புரியுது அண்ணி.”

“இதையும் தொறந்து போட்டுடாத!”

அந்த வாரம் அம்மாவின் கூடையில் பிறர் கருவாடு இருந்தது. எம்.கே.பி. நகரில் வாடிக்கைக்கார அம்மையார் ஒருவர், “எங்க உன் சரக்கு?” என்று கேட்டார். அம்மா மறைக்கவில்லை. “என் மீன்ல ஈ வுட்டேன், குருவிக்காக. இது எங்க கூடத்து மத்தவங்க மீனு, மருந்து அடிக்காதது” என்றார். அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே பக்கத்து வீடுகளையும் கூப்பிட்டார். முன்பு எங்கள் கூடத்து மற்றவர்களிடம் முகர்ந்து வாங்கியவர்களும் அதன் பிறகு முகரவில்லை. கெட்டுவிடும் என்று அத்தை அஞ்சிய பெயர், பன்மடங்காகித் திரும்பி வந்தது. எங்கள் கூடத்துப் பெண்கள் அதன் பின் மருந்து வாங்குவதை விட்டுவிட்டார்கள்.

அம்மாவின் இறுதி நாட்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. நோய் நீண்டது, அம்மாவின் பேச்சு அதற்கு முன்னால் தளரவில்லை. மருத்துவமனையில் உப்பில்லாத கஞ்சி கொடுத்த செவிலியரிடம், “உப்பு போட்டாதாம்மா எதுவும் கெடாம இருக்கும், என்ன கெட்டுப்போவ சொல்றியா?” என்று கேட்டு அவரைச் சிரிக்கவைத்தவர் அம்மா. ஒரு மழை நாளின் பிற்பகலில், அப்பா கையைப் பிடித்திருக்க, அமைதியாகக் கண்ணை மூடினார்.

அந்த மருத்துவமனையின் செவிலியர்களுக்கும், இரவெல்லாம் உடனிருந்த முனிம்மா அக்காவுக்கும், ஆட்டோவுக்குக் கூலி வாங்க மறுத்த அண்டை வீட்டாருக்கும், கடலுக்குப் போகாமல் படகைக் கரையில் நிறுத்திவிட்டு ஊர்வலத்தில் நடந்த அப்பாவின் தோழர்களுக்கும், வண்ணாரப்பேட்டையிலிருந்தும் எம்.கே.பி. நகரிலிருந்தும் வந்து மாலையிட்ட வாடிக்கையாளர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

சொர்ணம் அத்தைக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். சென்ற தை மாதம் மழை மீண்டும் பருவம் தவறி வந்தது. அம்மா இல்லாத முதல் மழை. குருவிகளின் நினைவு வந்து நான் கூடத்துக்கு ஓடினேன். வாசலில் வலை கட்டியிருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. பல்புக்குக் கீழே ஒரு குவியல் மீன் திறந்து கிடக்க, அதன் அருகில் அத்தை வியர்த்து விறுவிறுத்துத் துண்டு வீசிக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் குருவிகள் பாய்ந்துகொண்டிருந்தன.

“யார் மீனு அத்த?” என்று கேட்டேன்.

“என்னுதுதான். இன்னா அப்படி பாக்குற? உங்கம்மா ஒருத்தியே ஜெயிச்சிகினு இருப்பாளா?”